பேனல் தரவும் கொள்கை ஆய்வும்: திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள்

எம்.ஏ. மாணவர்களுக்கும் முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கும் பேனல் தரவு சொல்லிக்கொடுக்கும்போது தலைப்பு மாறும், ஊர் மாறும், சந்தேகங்கள் மட்டும் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்டபடியே அவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன்.

எடுத்துக்காட்டுக்குப் பெரும்பாலும் நூறு நாள் வேலைத் திட்டத்தையே எடுத்துக்கொண்டேன். 2005-ல் சட்டமான அந்தத் திட்டம் 2006 பிப்ரவரியில் நாட்டின் 200 மாவட்டங்களில் தொடங்கியது. 2007-ல் மேலும் 130 மாவட்டங்கள் சேர்ந்தன. 2008 ஏப்ரலில் மீதியிருந்த கிராமப்புற மாவட்டங்கள் அனைத்துக்கும் வந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் இருந்தவை கடலூர், விழுப்புரம், திருவண்ணாமலை, நாகப்பட்டினம், திண்டுக்கல், சிவகங்கை. இரண்டாம் கட்டத்தில் தஞ்சாவூர், திருவாரூர், கரூர், திருநெல்வேலி.

என்கிட்ட என்.எஸ்.எஸ். தரவு அஞ்சு ரவுண்டு இருக்கு. இது பேனல்தானே?

இல்லை. அதே குடும்பத்தை, அதே ஆளை, அதே மாவட்டத்தை மறுபடி மறுபடி பார்த்தால்தான் பேனல். என்.எஸ்.எஸ். எனப்படும் தேசிய மாதிரி ஆய்வு ஒவ்வொரு ரவுண்டிலும் வேறு வேறு வீடுகளுக்குப் போகிறது. 2004-ல் பதில் சொன்ன வீடு 2007-ல் இருக்காது. இப்படிப்பட்ட தரவுக்கு அடுக்கடுக்கான குறுக்குவெட்டுத் தரவு என்று பெயர்.

அதற்காக அது பயனற்றதாகிவிடாது. வீடுதான் மாறுகிறது, மாவட்டம் மாறவில்லை. மாவட்ட வாரியாகச் சராசரி எடுத்தால் மாவட்ட பேனல் கிடைக்கும். பிறந்த ஆண்டு வாரியாகத் தொகுத்தால் போலி பேனல் கிடைக்கும். இந்த யோசனையை 1985-ல் ஆங்கஸ் டீட்டன் முன்வைத்தார். வீட்டளவிலேயே உண்மையான பேனல் வேண்டும் என்றால் இந்திய மனித மேம்பாட்டு ஆய்வு இருக்கிறது. 2004-05-ல் பார்த்த வீடுகளில் 83 விழுக்காட்டை 2011-12-ல் மறுபடி போய்ப் பார்த்தார்கள். இக்ரிசாட் நிறுவனம் 1975-லிருந்து சில கிராமங்களைத் திரும்பத் திரும்பக் கவனித்து எடுத்த தரவும் உண்டு.

ஃபிக்ஸட் எஃபெக்ட் போடுன்னு எல்லாரும் சொல்றாங்க. போட்டா உள்ளே என்னதான் நடக்குது?

ஒருவரை அடுத்தவரோடு ஒப்பிடுவதை விட்டுவிட்டு, அவரையே அவரோடு ஒப்பிடுகிறோம். ஒரு பேச்சுக்கு இரண்டு விவசாயிகளை வைத்துக்கொள்வோம். முதலாமவர் சென்ற ஆண்டு ஏக்கருக்கு 2 மூட்டை உரம் போட்டார், 20 மூட்டை நெல் எடுத்தார். இந்த ஆண்டு 3 மூட்டை போட்டு 22 எடுத்தார். இரண்டாமவர் சென்ற ஆண்டு 4 மூட்டை போட்டு 32 எடுத்தார். இந்த ஆண்டு 5 போட்டு 34. சென்ற ஆண்டுக் கணக்கை மட்டும் பார்த்தால் 2 மூட்டை உரம் கூடினால் 12 மூட்டை நெல் கூடுகிறது, அதாவது ஒரு மூட்டை உரத்துக்கு 6 மூட்டை நெல். ஆனால் இருவருமே ஒரு மூட்டை உரத்தைக் கூட்டியபோது நெல் 2 மூட்டைதான் கூடியிருக்கிறது.

மிச்சமுள்ள 4 மூட்டை எங்கிருந்து வந்தது? இரண்டாமவருடைய மண் நல்ல மண்ணாக இருக்கலாம், வாய்க்கால் பக்கத்தில் இருக்கலாம், அவர் தினமும் வயலுக்குப் போகிறவராக இருக்கலாம். இவை எதுவும் நம் தரவில் இல்லை. ஆனால் இந்த இரண்டு ஆண்டுகளில் மாறவும் இல்லை. மாறாத எதுவானாலும், அளக்க முடியாவிட்டாலும்கூட, அவரையே அவரோடு கழிக்கும்போது கழிந்துபோய்விடும். யாயிர் முண்ட்லாக் 1961-ல் இஸ்ரேல் பண்ணைகளை வைத்து இதைத்தான் செய்தார். கண்ணுக்குத் தெரியாத நிர்வாகத் திறமை உற்பத்திக் கணக்கைத் திரிப்பதைத் தடுப்பதே அவருடைய நோக்கம்.

மாறாதது மட்டும்தான் கழியும் என்பதை மறக்க வேண்டாம். இந்த ஆண்டு புதிதாக ஆழ்துளைக் கிணறு போட்டு, தண்ணீர் வந்த தைரியத்தில் உரத்தையும் கூட்டியிருந்தால், ஃபிக்ஸட் எஃபெக்ட் கைகொடுக்காது.

சாதி, பாலினம் எல்லாம் மாடல்ல போட்டேன். ஸ்டேட்டா தூக்கிடுச்சு. ஏன்?

மேலே சொன்ன அதே காரணம்தான். ஒருவருடைய சாதி ஆண்டுக்கு ஆண்டு மாறுவதில்லை, அதனால் அதுவும் கழிந்துவிட்டது. ஸ்டேட்டா என்ற புள்ளியியல் மென்பொருளில் கோளாறு இல்லை. சாதியின் விளைவு பூஜ்யம் என்றும் அதற்குப் பொருள் இல்லை. அந்தக் கேள்விக்கு இந்த முறையால் பதில் சொல்ல முடியாது, அவ்வளவுதான். திட்டத்தின் பயன் பட்டியல் சாதிக் குடும்பங்களுக்குக் கூடுதலாகப் போனதா என்று கேட்டால் பதில் சொல்லலாம். சாதியையும் திட்டத்தையும் பெருக்கி ஒரு மாறியாகப் போடுங்கள், அது கழியாது.

ஃபிக்ஸடா, ரேண்டமா? ஹவுஸ்மேன் டெஸ்ட் போட்டு முடிவு பண்ணலாமா?

இதைக் கேட்காத வகுப்பே கிடையாது. அந்த நிலத்தின் மண் வளத்துக்கும் போடும் உரத்துக்கும் தொடர்பே இல்லை என்று சொல்லத் தயார் என்றால், ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டைத் தற்செயல் பிழையாக எடுத்துக்கொள்ளும் ரேண்டம் எஃபெக்ட் போடலாம். கொள்கை ஆய்வில் அப்படிச் சொல்ல முடிவது அபூர்வம். அரசு கண்ணை மூடிக்கொண்டு மாவட்டத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை.

ஃபிக்ஸட், ரேண்டம் இரண்டின் விடைகளும் வேறுபடுகின்றனவா என்று பார்ப்பது ஹவுஸ்மேன் சோதனை. 1978-ல் வந்த அதன் வழக்கமான வடிவம், பிழைகள் சீரானவை, ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்று எடுத்துக்கொள்கிறது. நம் தரவு அப்படி இருக்காது. சில சமயம், மைனஸில் வரவே கூடாத கை-ஸ்கொயர் மதிப்பே மைனஸில் வந்து நிற்கும். ஒவ்வொரு மாறிக்கும் அந்த ஆளின் சராசரியைக் கூடுதல் மாறியாகச் சேர்த்து, அந்தச் சராசரிகள் பூஜ்யமா என்று கிளஸ்டர் பிழையோடு (ஒரே குழுவின் பிழைகள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை என்பதைக் கணக்கில் எடுக்கும் முறை) சோதிப்பது மேல். இது முண்ட்லாக் 1978-ல் காட்டிய வழி. இதில் சாதி போன்ற மாறாத மாறிகளும் மாடலில் தங்கும். ஆனால் அவற்றின் குணகத்தை (மாடல் அந்த மாறிக்குத் தரும் எண்ணை) காரணம் என்று படிக்கக் கூடாது.

டிஃப்-இன்-டிஃப் கணக்கை ஒரு தடவை எண்ணோட காட்டுங்களேன்.

மாற்றம் வந்த இடத்தின் ஏற்ற இறக்கத்திலிருந்து வராத இடத்தின் ஏற்ற இறக்கத்தைக் கழிப்பதுதான் டிஃப்-இன்-டிஃப். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் ஆலன் க்ரூகரும் 1994-ல் வெளியிட்ட கணக்கையே எடுப்போம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலம் 1992 ஏப்ரல் 1 அன்று குறைந்தபட்சக் கூலியை மணிக்கு 4.25 டாலரிலிருந்து 5.05 டாலராக உயர்த்தியது. பக்கத்துப் பென்சில்வேனியா உயர்த்தவில்லை. கூலி உயர்வதற்கு முன்னும் பின்னும் இரு பக்கமும் சேர்த்து 410 துரித உணவகங்களைக் கணக்கெடுத்தார்கள். முழுநேர ஆள் கணக்கில் ஒரு கடைக்கு நியூ ஜெர்சியில் 20.44 பேர் இருந்தது 21.03 ஆனது. பென்சில்வேனியாவில் 23.33 பேர் இருந்தது 21.17 ஆகக் குறைந்தது.

நியூ ஜெர்சியின் மாற்றம் கூட்டல் 0.59. பென்சில்வேனியாவின் மாற்றம் கழித்தல் 2.16. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 2.75, தசமத் திருத்தம் காரணமாகக் கட்டுரையில் 2.76 என்று இருக்கும். கூலியை ஏற்றினால் வேலை குறையும் என்ற பாடத்துக்கு இது நேர் எதிர் என்பதால் பெரிய விவாதம் எழுந்தது. வேறு தரவை வைத்து மறு ஆய்வுகளும் வந்தன. இந்த எண்களை இன்னொரு முறை பாருங்கள். 2.76-ல் பெரும்பகுதி பென்சில்வேனியாவின் சரிவிலிருந்து வருகிறது. கூலி ஏறாமல் இருந்திருந்தால் நியூ ஜெர்சியும் அப்படியே சரிந்திருக்கும் என்று நம்பினால்தான் இந்த விடை நிற்கும். இந்த நம்பிக்கைக்குத்தான் இணைப்போக்கு அனுமானம் என்று பெயர்.

அப்போ நூறு நாள் வேலைக்கு முதல் கட்ட மாவட்டம் ஒரு பக்கம், மூணாம் கட்ட மாவட்டம் இன்னொரு பக்கம். விவசாயக் கூலியை ஒப்பிட்டா முடிஞ்சுது, இல்லையா?

தொடங்க அது நல்ல இடம். அகில இந்திய அளவில் இதே போன்ற ஒப்பீட்டைச் செய்த ஆய்வுகள் தனியார் கூலி உயர்ந்ததாகக் கண்டிருக்கின்றன. ஆனால் முதல் கட்ட மாவட்டங்கள் எப்படித் தேர்வாயின என்று முதலில் பார்க்க வேண்டும். மாவட்டங்களை வரிசைப்படுத்தத் திட்டக் குழு 2003-ல் உருவாக்கிய பின்தங்கிய நிலைக் குறியீட்டில் மூன்று அளவுகள் இருந்தன: பட்டியல் சாதி, பழங்குடி மக்கள்தொகை விகிதம், ஒரு விவசாயத் தொழிலாளிக்கான உற்பத்தி, விவசாயக் கூலி. நீங்கள் அளக்கப்போகும் அதே கூலிதான் தேர்வுக்கும் ஒரு காரணம். அளவெடுத்த ஆண்டில் மழை பொய்த்து ஒரு மாவட்டத்தில் கூலி தற்காலிகமாக இறங்கியிருந்தால், திட்டமே வராவிட்டாலும் பின்னர் அது தானாக ஏறும். அந்த ஏற்றம் திட்டத்தின் கணக்கில் சேர்ந்துவிடும். பயிற்சித் திட்டங்களில் இதே சிக்கலை ஆர்லி ஆஷன்ஃபெல்டர் 1978-ல் காட்டினார்.

தமிழ்நாட்டை மட்டும் எடுத்தால் இன்னொன்றும் உண்டு. முதல் கட்டத்தின் ஆறு மாவட்டங்களில் நாகப்பட்டினமும் கடலூரும் 2004 டிசம்பர் சுனாமியில் பலத்த அடிவாங்கியவை. அதன் பிறகு வீடு கட்டவும், படகு வாங்கவும், சாலை போடவும் பணம் வந்தது. கட்டட வேலைக்கு ஆள் தேவைப்பட்டதில் கூலி ஏறியிருக்கலாம். 2004 ஜூலை முதல் 2005 ஜூன் வரை நடந்த என்.எஸ்.எஸ். ரவுண்டை 'முன்' என்று வைத்தால் சுனாமி அதன் நடுவிலேயே வந்துவிடுகிறது. இந்த இரண்டு மாவட்டங்களையும் விட்டுவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். விடை தலைகீழாக மாறினால் நீங்கள் அளந்தது வேறெதையோ. மாவட்டப் பெயர்களை நிரல் எண்ணாக மாற்றிய கையோடு அவற்றின் கதையை மறந்துவிடுகிறோம் என்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

அதே நேரத்துல 2 ரூபாய் அரிசி வந்துதே, கூட்டுறவுக் கடன் தள்ளுபடி வந்துதே. அதெல்லாம் குழப்பாதா?

இரண்டும் 2006-ல் தமிழ்நாடு முழுவதற்கும் சேர்ந்தே வந்தவை. தமிழ்நாட்டு மாவட்டங்களுக்குள் ஒப்பிட்டால் ஆண்டு டம்மி (அந்த ஆண்டுக்கு 1, மற்ற ஆண்டுகளுக்கு 0 என்று போடும் மாறி) அவற்றின் பொதுவான விளைவை எடுத்துக்கொள்ளும். பல மாநிலங்களைச் சேர்த்தால் மாநிலத்தையும் ஆண்டையும் பெருக்கிய டம்மி வேண்டும். ஆனால் ஏழைகள் அதிகமுள்ள மாவட்டத்தில் அரிசியின் தாக்கம் கூடுதலாக இருந்திருக்கும், திட்டமும் அங்கேதான் முதலில் வந்தது. அந்த மிச்சத்தை எந்த டம்மியும் எடுக்காது. அதை ஆய்வேட்டில் வெளிப்படையாக எழுதுங்கள்.

திட்டத்துக்கு முந்தின வருஷங்கள்ல ரெண்டு கோடும் இணையாத்தான் போகுது. இணைப்போக்கு நிரூபணம் ஆயிடுச்சுன்னு எழுதலாமா?

"நிரூபணம்" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். அனுமானம் திட்டம் வந்த பிறகான ஆண்டுகளைப் பற்றியது. படம் காட்டுவது அதற்கு முந்தைய ஆண்டுகளை. நம்பிக்கைக்கு அது துணை நிற்கும், உறுதி தராது.

சிறிய தரவில் இந்தச் சோதனைக்கு வலு குறைவு என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முந்தைய ஆண்டுகளின் குணகம் பூஜ்யத்திலிருந்து வேறுபடவில்லை என்பதற்குக் காரணம் கோடுகள் இணையாக இருப்பதாகவும் இருக்கலாம், பிழைப்பட்டை (உண்மை விடை எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று காட்டும் இடைவெளி) அகலமாக இருப்பதாகவும் இருக்கலாம். போக்கு எவ்வளவு விலகியிருந்தால் என் முடிவு கவிழும் என்று கணக்கிட்டுச் சொல்வது நேர்மையான வழி. அதற்கான முறைகளை ராம்பச்சனும் ராத்தும் தந்திருக்கிறார்கள்.

கூலியை ரூபாயில வைக்கணுமா, லாக் எடுக்கணுமா? ரெண்டுக்கும் வேற வேற விடை வருது.

வரத்தான் செய்யும். லாக் எடுத்தால் ஏற்றத்தை விழுக்காட்டில் பார்க்கிறோம். ஒரு மாவட்டத்தில் கூலி 60 ரூபாயிலிருந்து 66 ஆகிறது, இன்னொன்றில் 100-லிருந்து 110 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். விழுக்காட்டில் இரண்டும் 10, கோடுகள் இணை. ரூபாயில் ஒன்று 6, மற்றது 10; இணை இல்லை. தொடக்கக் கூலி வேறாக இருந்தால் இரண்டு அளவிலும் ஒரே சமயத்தில் இணைப்போக்கு இருக்க முடியாது. கூலியும் விலையும் பொதுவாக விழுக்காட்டில்தான் ஏறுகின்றன என்பதால் நான் லாக் பக்கம் சாய்வேன். எதுவானாலும் தரவைப் பார்ப்பதற்கு முன் முடிவு செய்யுங்கள். இரண்டையும் ஓட்டி நட்சத்திரம் (விடை சிக்னிஃபிகன்ட் என்று மென்பொருள் போடும் குறி) விழுந்ததை எடுக்காதீர்கள்.

மாவட்டத்துக்கு ஒரு டிரெண்ட் போடச் சொன்னாங்க. போட்டதும் என் ரிசல்ட் காணாம போச்சு!

இந்திய மாநிலங்களின் தொழிலாளர் சட்டத் திருத்தங்களை 1958 முதல் 1992 வரை பார்த்த பெஸ்லி, பர்ஜெஸ் ஆய்வில் இதுவே நடந்தது. 2004-ல் வந்த அந்தக் கட்டுரை, தொழிலாளர் பக்கம் சாய்ந்த திருத்தங்கள் ஆலை உற்பத்தியைக் குறைத்தன என்றது. தமிழ்நாடு அதில் முதலாளி பக்கம் சாய்ந்த மாநிலமாகக் குறிக்கப்பட்டது. மாநிலத்துக்கு ஒரு நேர்கோட்டுப் போக்கைச் சேர்த்ததும் விளைவு மறைந்துபோனது. அந்த அட்டவணையை அவர்களே கட்டுரையில் தந்திருக்கிறார்கள். சட்டத்துக்கு முன்பிருந்தே மாநிலங்கள் வேறு வேறு பாதையில் போய்க்கொண்டிருந்தன என்று இதைப் படிக்கலாம்.

எதிர்ப்பக்கமும் உண்டு. திட்டத்தின் விளைவு ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போனால், அந்தக் கூடுதலை டிரெண்ட் விழுங்கிவிடும். அதனால் டிரெண்ட் போட்டது, போடாதது இரண்டையும் காட்டுங்கள். முந்தைய ஆண்டுகள் நிறைய இருந்தால் அவற்றை மட்டும் வைத்து டிரெண்டைக் கணிக்கலாம்.

வெளியூர் போனவங்க எண்ணிக்கையையும் கன்ட்ரோலா போடலாமா?

வேண்டாம். ஊரிலேயே வேலை கிடைத்தால் திருப்பூருக்குப் போகிறவர் தங்கிவிடலாம். அப்படியானால் இடம்பெயர்வும் திட்டத்தின் விளைவுதான். அதைக் கட்டுப்படுத்தினால் விளைவின் ஒரு பகுதியை நீங்களே வெட்டி எறிகிறீர்கள். திட்டத்துக்கு முந்தைய நிலவரத்தையே கன்ட்ரோலாக வையுங்கள்.

வீட்டளவுல முப்பதாயிரம் பதிவு இருக்கு. கிளஸ்டர் போட்டா நட்சத்திரமெல்லாம் போயிடுது. அவசியமா?

அவசியம். திட்டம் வீடு வீடாக வரவில்லை, மாவட்டமாக வந்தது. ஒரு மாவட்டத்தின் ஆயிரம் வீடுகள் திட்டத்தைப் பற்றி ஆயிரம் தனித் தகவல்கள் தருவதில்லை. எந்த அளவில் திட்டம் முடிவானதோ அந்த அளவில் கிளஸ்டர் போடுங்கள். மாவட்டத்தையும் ஆண்டையும் பெருக்கிப் போடுவது போதாது. ஒரே மாவட்டத்தின் பிழை இந்த ஆண்டிலிருந்து அடுத்த ஆண்டுக்கும் தொடரும்.

பெர்ட்ராண்ட், டுஃப்லோ, முல்லைநாதன் மூவரும் 2004-ல் இதைச் செய்தே காட்டினார்கள். அமெரிக்க மாநிலங்களில் இல்லாத சட்டங்களைக் கற்பனையாக உருவாக்கி, பெண்களின் கூலித் தரவில் டிஃப்-இன்-டிஃப் ஓட்டினார்கள். 5 விழுக்காடு தடவைதான் விளைவு தெரிய வேண்டும். தொடர்ச்சியைக் கண்டுகொள்ளாத கணக்கில் 45 விழுக்காடு வரை தெரிந்தது. இல்லாத சட்டத்துக்கு!

எனக்குத் தமிழ்நாடு மட்டும்தான். திட்டம் வந்த மாவட்டம் ஆறே ஆறு. கிளஸ்டர் போதுமா?

போதாது. கிளஸ்டர் கணக்கு நிறையக் குழுக்கள் இருந்தால்தான் சரியாக வரும். குழு குறைவானால், கையிலுள்ள தரவிலிருந்தே பல செயற்கைத் தரவுகளை உருவாக்கிப் பிழையைக் கணிக்கும் வைல்டு பூட்ஸ்ட்ராப் என்ற முறை உதவும். ஆனால் திட்டம் வந்த குழு ஆறு மட்டும் என்றால் அதுவும் தடுமாறும்.

இன்னொரு வழி, இடம் மாற்றிப் பார்ப்பது. 2006-ல் தமிழ்நாட்டில் 30 மாவட்டங்கள். முழுக்க நகரமான சென்னையை விட்டால் 29. அதிலிருந்து ஆறைத் தேர்ந்தெடுக்க 4,75,020 வழிகள் உண்டு. அவற்றில் சில ஆயிரத்தை எடுத்து, ஒவ்வொன்றிலும் அந்த ஆறுக்குத்தான் திட்டம் வந்தது என்று பாவித்து ஓட்டுங்கள். உங்கள் உண்மையான எண் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் நிற்கிறதா, நடுவிலா என்று பாருங்கள். தேர்வு குலுக்கலில் நடக்கவில்லை என்பதால் இதற்கும் எல்லை உண்டு.

மூணு கட்டத்தையும் சேர்த்து, மாவட்ட டம்மி, ஆண்டு டம்மி போட்டு ஒரே மாடலா ஓட்டினேன். அதுல தப்புன்னு இப்ப சொல்றாங்களே?

பல ஆண்டுகள் எல்லோரும் அப்படித்தான் ஓட்டினோம். குட்மன்-பேகன், காலவே, சாண்ட்'அன்னா, டி ஷேஸ்மார்டின் போன்றோர் 2020-ஐ ஒட்டி எழுதிய கட்டுரைகள்தான் சிக்கலைத் தெளிவாகக் காட்டின. 2007-ல் இரண்டாம் கட்டம் தொடங்கும்போது, அந்த மாடல் அதை மூன்றாம் கட்டத்தோடு மட்டும் ஒப்பிடுவதில்லை. ஏற்கெனவே திட்டம் ஓடிக்கொண்டிருக்கும் முதல் கட்டத்தோடும் ஒப்பிடுகிறது.

அதனால் என்ன ஆகும்? ஒரு பேச்சுக்குத் திட்டம் முதல் ஆண்டு கூலியை 5 ரூபாயும், இரண்டாம் ஆண்டு மொத்தம் 10 ரூபாயும் உயர்த்துகிறது என்று வைப்போம். 2006-லிருந்து 2007-க்குள் கரூரில் கூலி 5 ரூபாய் ஏறும். அதே காலத்தில் திண்டுக்கல்லில் 5-லிருந்து 10 ஆகி, அங்கேயும் 5 ரூபாய் ஏறும். இரண்டையும் கழித்தால் பூஜ்யம். இரண்டு ஊரிலும் திட்டம் வேலை செய்திருக்கிறது, கணக்கு மட்டும் ஒன்றுமில்லை என்கிறது. திண்டுக்கல்லின் விளைவு இன்னும் வேகமாக வளர்ந்திருந்தால் விடை மைனஸிலேயே வரும். திட்டம் இன்னும் வராத மாவட்டத்தோடு மட்டும் ஒப்பிடும் முறைகள் இப்போது ஸ்டேட்டா, ஆர் இரண்டிலும் உண்டு.

என் தரவு 2015 வரைக்கும் இருக்கு. வருஷம் கூடினா நல்லதுதானே?

இந்தக் கேள்விக்கு நல்லதல்ல. 2008 ஏப்ரலுக்குப் பிறகு திட்டம் வராத கிராமப்புற மாவட்டமே இல்லை. அதன் பின்னான ஆண்டுகள் தருவது முந்தைய பதிலில் சொன்ன கோளாறான ஒப்பீட்டை மட்டுமே. நீண்ட கால விளைவு வேண்டுமானால் வேறு வேறுபாட்டைத் தேடுங்கள். எந்த ஊராட்சியில் உண்மையில் எத்தனை நாள் வேலை நடந்தது என்பது ஒரு வழி. ஆனால் வறட்சி வந்த ஊரில்தான் வேலையும் அதிகம் கேட்பார்கள் என்ற சிக்கல் அதோடு சேர்ந்து வரும்.

போன வருஷக் கூலியையும் வலப்பக்கம் போட்டேன், ஃபிக்ஸட் எஃபெக்டும் இருக்கு. சரிதானே?

ஆண்டுகள் குறைவாக இருந்தால் சரியில்லை. 1981-ல் ஸ்டீஃபன் நிக்கல் காட்டிய சாய்வு (விடை எப்போதும் ஒரே பக்கமாகப் பிசகுவது) இது. உண்மையான குணகம் 0.5, ஆண்டுகள் 10 என்றால் உங்களுக்கு ஏறத்தாழ 0.33 கிடைக்கும். மாவட்டங்களைக் கூட்டினாலும் இது தீராது. ஆண்டுகள் கூடினால்தான் குறையும். இதைச் சரிசெய்ய, இன்னும் முந்தைய ஆண்டுகளின் கூலியைக் கருவி மாறியாக வைக்கும் அரெல்லானோ-பாண்ட் முறை 1991-லிருந்து இருக்கிறது. ஆனால் அதில் கருவி மாறிகள் மாவட்டங்களின் எண்ணிக்கையைத் தாண்டிப் பெருகினால், அந்தக் கருவிகள் செல்லுமா என்று பார்க்கும் சோதனை "நலம்" என்று பொய் சொல்லும். கருவிகளின் எண்ணிக்கையை அட்டவணையில் கட்டாயம் எழுதுங்கள்.

அரியலூர் ஒரு வருஷம் இருக்கு, ஒரு வருஷம் இல்லை. என்ன பண்றது?

பாவம், அரியலூர் பலரை அலைக்கழித்திருக்கிறது. 2001-ல் பெரம்பலூரிலிருந்து பிரிந்தது, 2002-ல் மறுபடி அதோடு இணைந்தது, 2007-ல் திரும்பவும் தனி மாவட்டமானது. 2004-ல் தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. 2009-ல் கோவையிலும் ஈரோட்டிலும் இருந்து பகுதிகளை எடுத்துத் திருப்பூர் வந்தது. 2019-ல் ஒரே ஆண்டில் ஐந்து புதிய மாவட்டங்கள், அடுத்த ஆண்டு மயிலாடுதுறை, மொத்தம் 38.

பிரிந்தவற்றைத் தாய் மாவட்டத்தோடு சேர்த்து, ஆய்வுக் காலம் முழுவதற்கும் ஒரே எல்லையை வையுங்கள். பெரம்பலூரும் அரியலூரும் ஒன்று, தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஒன்று. திருப்பூருக்குத் தாய் இரண்டு என்பதால் கோவை, ஈரோடு, திருப்பூர் மூன்றையும் ஒன்றாக்குவதே பாதுகாப்பு. சேர்க்கும்போது கூலிக்கு நேரடிச் சராசரி எடுக்காமல், தொழிலாளர் எண்ணிக்கையை எடையாக வையுங்கள்.

இரண்டாவது சுற்றுல சில வீடு கிடைக்கலை. விட்டுட்டு மீதியை வச்சு ஓட்டலாமா?

யார் போனார்கள் என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். வேலை கிடைக்காமல் ஊரைக் காலி செய்தவர்களே காணாமல் போனவர்கள் என்றால், மிஞ்சியவர்களின் கணக்கு நிலைமையை உண்மையைவிட நல்லதாகக் காட்டிவிடும். முதல் சுற்றுத் தகவலை வைத்து, போனவர்களும் இருப்பவர்களும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று ஓர் அட்டவணை போடுங்கள். திட்டம் வந்த பக்கமும் வராத பக்கமும் ஒரே விகிதத்தில் போயிருக்கிறார்களா என்பது அதைவிட முக்கியம்.

விளைவு சிக்னிஃபிகன்ட் இல்லை. "திட்டம் தோல்வி"ன்னு எழுதிடலாமா?

பிழைப்பட்டையின் இரண்டு முனைகளையும் பாருங்கள். கணிப்பு 3 விழுக்காடு, பட்டை கழித்தல் 4-லிருந்து கூட்டல் 10 வரை என்று வந்திருந்தால், கூலி 10 விழுக்காடு உயர்ந்திருக்கவும் வாய்ப்பு உண்டு என்றே உங்கள் தரவு சொல்கிறது. பட்டை கழித்தல் 0.5-லிருந்து கூட்டல் 0.5 வரை இருந்தால்தான் "குறிப்பிடத்தக்க விளைவு இல்லை" என்று தைரியமாக எழுதலாம்.

இன்னொன்று: திண்டுக்கல்லில் வேலை கிடைத்ததால் பக்கத்து மதுரை மாவட்டத்துக்கு அறுவடைக்கு வரும் ஆட்கள் குறைந்து, அங்கேயும் கூலி ஏறியிருக்கலாம். மதுரைதான் உங்கள் ஒப்பீட்டு மாவட்டம் என்றால் வித்தியாசம் சுருங்கித்தான் தெரியும். எல்லையை ஒட்டிய ஒன்றியங்களை விட்டுவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். ஆறு மாவட்டத் தரவை வைத்து எழுதுகிறவர் முடிவுரையில் இப்படி எழுதினால் நான் கையெழுத்துப் போடுவேன்: "2007-08 வரையிலான தரவில், முதல் கட்ட மாவட்டங்களின் விவசாயக் கூலி மூன்றாம் கட்ட மாவட்டங்களைவிட 3 விழுக்காடு கூடுதலாக உயர்ந்திருப்பதாகக் கணிக்கிறோம், கழித்தல் 4 முதல் கூட்டல் 10 வரையிலான எந்த அளவையும் இந்தத் தரவால் மறுக்க முடியவில்லை, நாகப்பட்டினத்தையும் கடலூரையும் நீக்கிய கணிப்பு அடுத்த அட்டவணையில் உள்ளது."